டிஎஸ் லைட்: ஓட்டத்தில் ஸ்டைலஸ் தேய்ப்பு தவறுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி
நிண்டெண்டோவின் கையடக்க கேம் கன்சோலான டிஎஸ் லைட்டில் விளையாட்டுப் போட்டிகள் தொகுப்பு கேம் ஆடுகிறேன். 100 மீட்டர் ஓட்டத்தில் ஸ்டைலஸை (தொடுதிரைக் குச்சி) இடவலமாகத் தேய்க்கணும். வலது ஓரத்துக்குப் போனாலே ஆள் தடுமாறுகிறான். வில்வித்தையில் குறி தானாக வலது பக்கம் இழுக்கிறது. மெனுவில் எல்லாம் சரி. டச் கேலிபரேஷன் (தொடும் இடத்தைச் சரிப்படுத்தும் அமைப்பு) இரண்டு தடவை செய்தாச்சு. கார்ட்ரிட்ஜ் கோளாறா, ஸ்கிரீன் போச்சா?

பதில் 1
கார்ட்ரிட்ஜ் இல்லை. அதில் கோளாறு என்றால் கேம் உறையும், இல்லை திறக்கவே திறக்காது, குறி இழுக்காது.

டிஎஸ்ஸின் டச் ரெசிஸ்டிவ் வகை. மெல்லிய இடைவெளி விட்ட இரண்டு படலங்கள். அழுத்தும் இடத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரே நேரத்தில் இரண்டு இடம் அழுந்தினால் இரண்டுக்கும் நடுவே எங்கோ ஒரு புள்ளியைத்தான் சொல்லும். உங்கள் வலது ஓரச் சட்டத்துக்கு அடியில் தூசி அடைந்திருக்கும். வேகமாகத் தேய்க்கும்போது கன்சோலை இறுக்கிப் பிடிப்பீர்கள், சட்டம் தூசியை அழுத்தும், புள்ளி வலப்பக்கம் ஓடும். மெனு பொத்தான்கள் பெரியவை, கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் ஏற்கும்.

சோதிக்க: பிக்டோசாட்டில் (டிஎஸ்ஸிலேயே உள்ள, வரைந்து அரட்டையடிக்கும் செயலி) ஏதாவது ஒரு அறைக்குள் போய் மெதுவாகக் கோடு போடுங்கள். அப்புறம் ஸ்டைலஸை எடுத்துவிட்டு வலது சட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஸ்டைலஸ் படாமலே புள்ளி விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

பதில் 2
சுத்தம் செய்ய: பவரை அணைத்து, விசிட்டிங் கார்டின் ஓரத்தைச் சட்டத்துக்கும் ஸ்கிரீனுக்கும் இடையில் செருகி, நான்கு பக்கமும் ஒரே திசையில் இழுங்கள். முன்னும் பின்னும் அறுக்காதீர்கள், தூசி இன்னும் உள்ளே போகும். ஊசி, பிளேடு கூடவே கூடாது. திரவம் எதையும் ஊற்றவும் வேண்டாம்.

ஸ்கிரீன் மேல் பாதுகாப்புப் படலம் ஒட்டியிருக்கிறதா? அதன் விளிம்பு சட்டத்துக்கு அடியில் நுழைந்திருந்தாலும் இதே கோளாறுதான். கழற்றிவிட்டுப் பாருங்கள்.

கேலிபரேஷனைக் கடைசியில் செய்யுங்கள். தூசி அழுத்தும்போது செய்தால் தப்பான அளவுதான் பதிவாகும். இரண்டு தடவை செய்தும் பலனில்லாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்
விசிட்டிங் கார்டு போட்டு இழுத்ததில் சாம்பல் நிறத்தில் நூல் மாதிரி வந்தது! வில்வித்தை சரியாகிவிட்டது. ஓட்டத்தில் மட்டும் வேகம் இன்னும் போதவில்லை.

பதில் 1
அது தேய்க்கும் முறை. பெரும்பாலான கேம்கள் ஒரு ஃபிரேமுக்கு (திரையில் வரும் ஒவ்வொரு படத்துக்கும்) ஒரு முறைதான் தொடும் இடத்தைப் படிக்கும், அதாவது நொடிக்குச் சுமார் 60 தடவை. ஓரம் வரை நீட்டி இழுக்காமல், ஸ்கிரீனின் நடுவில் சிறிய வீச்சாகத் தேய்த்துப் பாருங்கள். ஸ்டைலஸை எடுக்காமல், லேசான அழுத்தத்தில். கடுமையாக அழுத்தினால் வேகம் கூடாது, கீறல்தான் விழும். முனை தேய்ந்திருந்தாலோ மண் ஒட்டியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். மொபைலுக்கான ரப்பர் முனை ஸ்டைலஸ் இதற்கு ஆகாது, மழுங்கல்.

பதில் 3
பிறகும் அதே பக்கம் இழுத்தால் டச் பேனலை மாற்ற வேண்டிவரும். பிலிப்ஸ், மூன்று இதழ் திருப்புளி இரண்டும் வேண்டும். பேட்டரியை எடுக்காமல் கை வைத்தால் ஃபியூஸ் போகலாம். பேனலின் ரிப்பன் கேபிள் சன்னமானது. அதைப் பிடித்திருக்கும் பூட்டைத் திறக்காமல் இழுத்தால் கிழியும். வெளிக்கூட்டைப் பிரிக்கும்போது எல், ஆர் பொத்தான்களின் ஸ்பிரிங் தெறித்து ஓடும், கீழே ஒரு வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள்.