வால்தர் பிபிகே பழைய பெட்டி: அசல்தானா, என்ன விலை பெறும்?

நண்பர்களே, ஒரு உதவி. வால்தர் பிபிகே கைத்துப்பாக்கியின் பழைய அட்டைப்பெட்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, துப்பாக்கி கிடையாது, வெறும் பெட்டியும் கையேடும்தான். மூடியில் செல்லா-மேலிஸ் என்று, வால்தர் நிறுவனம் முதலில் இருந்த ஜெர்மன் ஊரின் பெயர் இருக்கிறது. போருக்குப் பின் நிறுவனம் உல்ம் நகருக்குப் போய்விட்டதால் இது 1945க்கு முந்தையதாக இருக்க வேண்டும், ஆனால் போலிப் பெட்டியிலும் அதே பெயரை அச்சடிக்க முடியுமே. புற ஊதா விளக்கில் காகிதம் நீலமாக ஒளிரவில்லை (வெண்மையூட்டி சேர்த்த பிற்காலக் காகிதம் ஒளிரும்), அது நல்ல அறிகுறி. ஓரத்தில் வரிசை எண் பாதி அழிந்திருக்கிறது. அந்த எண்ணுக்குரிய துப்பாக்கி பெட்டியோடு இல்லாவிட்டால் விலை எவ்வளவு குறையும்? கிழிந்த மூலைகளை ஒட்டலாமா? தொடாமல் விடுவதே சரி என்று எனக்குப் படுகிறது. அப்புறம், அசல் பெட்டி வைத்திருப்பவர்கள் உள்பக்கத்தைப் படமெடுத்துப் போட்டால் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவேன்.