பார்சி வியாபாரிக்கு வேற்று மதத்துப் பங்காளிகள் எப்படி அமைந்தார்கள்?

பழையகணக்கு:
பார்சிகள் சொந்தபந்தத்துக்குள்ளேயேதான் தொழில் செய்வார்கள் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். ஆனால் 1818இல் பம்பாயில் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்ற பார்சி வியாபாரி தொடங்கிய கம்பெனியில் அவரோடு நின்றவர்கள் மோதிசந்த் அமிசந்த் என்ற ஜைனர், முகமது அலி ரோகே என்ற கொங்கணி முஸ்லிம், ரோஜேரியோ டி ஃபாரியா என்ற கோவா கத்தோலிக்கர். நால்வரும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருப்பார்களா என்பதே சந்தேகம், பணத்தை மட்டும் எப்படி ஒன்றாகப் போட்டார்கள்?

கடல்காற்று:
என்ன சரக்கு என்று பாருங்கள், பாதி புரிந்துவிடும். சீனாவுக்குப் பஞ்சும் போனது, ஆனால் பெரிய லாபம் மத்திய இந்தியாவின் மால்வா பகுதியில் விளைந்த அபினில். அது விளைந்தது சமஸ்தானங்களில், வங்காளத்து அபின் மாதிரி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகத்துக்குள் வரவில்லை. சரக்கை உள்நாட்டிலிருந்து கொண்டுவர ஜைன, மார்வாரி வலைப்பின்னல் தேவை, அங்கே மோதிசந்த். கப்பல் விஷயத்துக்கு ரோகே. பம்பாய் வழியாகப் போக விடாமல் கிழக்கிந்தியக் கம்பெனி தடுத்த காலத்தில் போர்ச்சுக்கீசியர் கையிலிருந்த டாமன்தான் வாசல், அங்கேயும் சீனக் கரையில் அவர்கள் வசமிருந்த மக்காவ் (Macau) துறைமுகத்திலும் ஃபாரியாவுக்கு ஆள் உண்டு. சரக்கு விற்ற சீனத் துறைமுகமான கான்டனை நேரில் போய்ப் பார்த்துப் பழகியவர் ஜீஜீபாய். ஒருவரிடம் இல்லாதது அடுத்தவரிடம் இருந்தது, அவ்வளவுதான். இதை மத நல்லிணக்கம் என்று சிலர் உருகுவது எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது.

திண்ணைக்காரன்:
சரி, ஆனால் பழக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. 1805இல் ஜீஜீபாய் போன பிரன்ஸ்விக் கப்பலை இலங்கைக்கு அருகே பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். அதில் கப்பல் வைத்தியராக இருந்தவர் வில்லியம் ஜார்டின். பின்னால் 1832இல் ஜார்டின் மாத்தீசன் கம்பெனி ஆரம்பித்தாரே, அதே ஆள்தான். ஒன்றாக மாட்டிக்கொண்ட இருவரும் பிறகு பல வருடம் சரக்கனுப்பிக் கணக்குப் பார்த்தார்கள்.

கடல்காற்று:
அந்த உறவை முழுப் பங்காளித்தனம் என்று சொல்ல மாட்டேன். பம்பாய்க்காரர் சரக்கை ஒப்படைப்பார், கான்டனில் இருப்பவர் விற்றுக் கமிஷன் எடுத்துக்கொள்வார். விலை விழுந்தால் அடி யாருக்கு? சரக்குக்காரருக்கு. 1839இல் சீன அரசின் அதிகாரி லின் ஸெஷு 20,000 பெட்டிக்கு மேல் பிடுங்கி அழித்தபோது அதில் பம்பாய்க்காரர்களின் சரக்கும் போனது. அபின் போரை முடித்து பிரிட்டனும் சீனாவும் செய்த 1842 நான்கிங் உடன்படிக்கையில் அபினுக்கு ஈடாக 60 லட்சம் டாலர் என்று எழுதினார்கள், போன சரக்கின் மதிப்புக்கு அது போதவில்லை.

பழையகணக்கு:
நன்றி. ஜீஜீபாய்க்கு நைட் பட்டம் கிடைத்ததும் அதே 1842தான், இப்போதுதான் கவனித்தேன். அப்புறம் ஒரு சந்தேகம். பின்னாளில் காங்கிரஸ் தலைவரான பார்சி தாதாபாய் நௌரோஜி, லண்டனில் தான் பங்காளியாக இருந்த காமா கம்பெனியை விட்டு விலகியதற்கும் அபின்தான் காரணமா?

திண்ணைக்காரன்:
அபினும் சாராயமும். அந்த லாபத்தில் பங்கு வேண்டாம் என்று விலகி, 1859இல் தனியாகப் பஞ்சு வியாபாரம் ஆரம்பித்தார். அவர் விலகி வந்ததும் ஒரு பார்சி கம்பெனியிலிருந்துதான்.