எல்லாரும் 3 போடுகிறார்கள், கேள்வித்தாளில் எங்கே கோளாறு?

தேக்காவாசி:
பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம். சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் சேவைத் தரம் பற்றித் தமிழில் கேள்வித்தாள் கொடுத்தேன், 5 புள்ளி லைக்கர்ட் அளவுகோல், அதாவது ஒவ்வொரு வாக்கியத்தையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறார்கள் என்று 1 முதல் 5 வரை குறிப்பது. பாதிக்கு மேல் 3தான் வருகிறது. 3 போட்ட ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தால் "நல்லாத்தான்பா இருக்கு" என்கிறார், அடுத்த மேசைக்காரர் அதே 3ஐப் போட்டுவிட்டு ஒரு தோசைக்கு அரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள் என்று புலம்புகிறார். நடுவில் "பரவாயில்லை" என்று போட்டிருக்கிறேன். ஒரு கேள்வி: "ஊழியர்கள் மரியாதையாகவும் விரைவாகவும் பரிமாறுகிறார்கள்."

ஜூரோங் அக்கா:
தம்பி, வில்லனே அந்தப் "பரவாயில்லை"தான். நம்ம ஆட்கள் வாயில் அது பாராட்டாகவும் வரும், சலிப்பாகவும் வரும். இரண்டு ஓரத்திலும் ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்ளவில்லை என்று வைத்துவிட்டு நடுவில் மட்டும் மார்க் போட்டால் எப்படி? "இரண்டும் இல்லை" என்று மாற்றுங்கள், "எனக்குப் பொருந்தாது" என்பதற்குத் தனிக் கட்டம் கொடுங்கள். அப்புறம் மரியாதை வேறு, வேகம் வேறு. சிரித்துக்கொண்டே தாமதமாகக் கொண்டுவருபவருக்கு என்ன போடுவது?

புள்ளிவிவரப்புலி:
சேவைத் தரத்தை அளக்கும் சர்வ்குவால் கேள்வித்தாளைப் பார்த்தீர்களா? பரசுராமன், சைத்தாமல், பெர்ரி மூவரும் 1988இல் கொண்டுவந்தது. 22 வாக்கியங்கள், எதிர்பார்ப்புக்கு ஒரு தடவை, அனுபவத்துக்கு ஒரு தடவை, ஆக 44. சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கும்போது எவர் நிரப்புவார்? அனுபவத்தை மட்டும் கேட்டாலே போதும் என்று 1992இல் குரோனினும் டெய்லரும் வாதாடினார்கள், அந்த 22ஐக் கடைக்கு ஏற்ப வெட்டிக்கொள்ளலாம். "உணவு தாமதமாக வரவில்லை" மாதிரி எதிர்மறை வாக்கியம் மட்டும் வேண்டாம், "ஆமா, வரலை" என்பவரும் "இல்லை, வரலை" என்பவரும் ஒன்றைத்தான் சொல்கிறார்கள், ஆனால் டிக் வேறு வேறு கட்டத்தில் விழும்.

தேக்காவாசி:
ஆனால் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா 0.9க்கு மேல் வந்ததே, அது நல்லதுதானே?

புள்ளிவிவரப்புலி:
ஒரே விஷயத்தை நாலு விதமாகக் கேட்டால் ஏறத்தான் செய்யும். ஒருவர் மேலிருந்து கீழ்வரை 3, இன்னொருவர் மேலிருந்து கீழ்வரை 4 என்று படிக்காமலே இழுத்துவிட்டாலும் ஏறும்.

ஜூரோங் அக்கா:
மறுபடி அச்சடிக்கும் முன் ஐந்தாறு பேரை உட்கார வைத்து, ஒவ்வொரு வரியும் என்ன புரிகிறது என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

தேக்காவாசி:
சரிக்கா, சனிக்கிழமை போகிறேன். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், தாளை எல்லாம் கல்லாவில் முதலாளிதான் வாங்கி வைத்தார்.

ஜூரோங் அக்கா:
அட, இதை முதலிலேயே சொல்லக் கூடாதா!