பூம்ஸ்லாங் பாம்பை வளர்க்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் எங்கள் வீட்டு மரத்தில் பெரிய கண்களுடைய பச்சைப் பாம்பொன்று இருக்கிறது, பூம்ஸ்லாங் என்கிறார்கள். நச்சுப்பல் வாயின் பின்புறத்தில் இருப்பதால் வளர்க்க ஆபத்தில்லை என்று நண்பர் கூறுவது உண்மையா?

பதில் 1: இல்லை. சிகாகோவில் 1957 செப்டம்பர் 25 அன்று பாம்பியல் அறிஞர் கார்ல் ஷ்மிட்டைக் கடித்தது ஒரு குட்டிதான். பதிந்ததும் ஒரே பல்தான். அறிகுறிகளைக் குறிப்பெழுதிக்கொண்டே இருந்தவர் மறுநாள் இறந்தார். இந்த நச்சு இரத்தத்தின் உறையும் தன்மையைத் தீர்த்துவிடுவதால் ஈறு, மூக்கு, சிறுநீர் என எங்கும் இரத்தம் கசியும். ஆனால் அது பல மணி நேரம் கழித்தே தொடங்கக்கூடும் என்பதால், கடிபட்டவர் தப்பிவிட்டதாகவே எண்ணிக்கொள்வார்.

பதில் 2: இதற்காவது அங்கே தனி நச்சுமுறி தயாராகிறது. இதைப் போலவே பின்புற நச்சுப்பல் கொண்ட இன்னொரு ஆப்பிரிக்க மரப்பாம்பான குச்சிப் பாம்புக்கு அதுவும் இல்லை. ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் மெர்ட்டென்ஸ் 1975இல் அதன் கடியால்தான் மாண்டார்.

பதில் 3: பச்சை நிறமென்றால் பெரும்பாலும் ஆண். பச்சோந்தியைத் தேடி வந்திருக்கும், உங்களை அல்ல, மரத்திலேயே விட்டுவிடுங்கள்.