அமெரிக்கப் படைவீரரின் 'டிஸ்சார்ஜ் அப்கிரேடு': தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினர்க்கு வணக்கம்.

அமெரிக்க ராணுவத்திலிருந்து வெளியே வந்தவர்களுக்கான சட்ட உதவிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். படிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் பெற்றோர். பிள்ளை ஒரு தாளோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பான், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இவர்களுக்குப் புரியாது. அங்கே ராணுவத்தில் தமிழர் எங்கே என்று கேட்பவர்களுக்கு: 2009இல் தொடங்கிய 'மாவ்னி' ஆள்சேர்ப்புத் திட்டம், பச்சை அட்டை இல்லாதவர்களையும் மொழித்திறனுக்காகச் சேர்த்துக்கொண்டது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது.

அந்தத் தாளின் பெயர் டிடி 214. அதில் 24ஆம் பெட்டிதான் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. 'ஆனரபிள்', 'ஜெனரல்', 'அதர் தேன் ஆனரபிள்', 'பேட் காண்டக்ட்', 'டிஸ்ஆனரபிள்' என்ற ஐந்தில் ஒன்று பெரும்பாலும் அங்கே இருக்கும். முதல் மூன்றும் நிர்வாக முடிவுகள். கடைசி இரண்டும் ராணுவ நீதிமன்றம் தண்டனையாகத் தருபவை. 2001 செப்டம்பருக்குப் பிந்தைய பணிக்கான கல்வி உதவி முதல் வகைக்கு மட்டுமே கிடைக்கும். இரண்டாம் வகைக்குக்கூடக் கிடையாது. படைப்பணி வழியாகக் குடியுரிமை பெற்றவர், மொத்தம் ஐந்தாண்டு நல்ல பணியை முடிக்கும் முன்பே மூன்றாம் வகையிலோ அதற்குக் கீழோ வெளியேற்றப்பட்டால், அந்தக் குடியுரிமையே பறிபோகலாம்.

அந்தப் பெட்டியில் எழுதியிருப்பதை மேல் வகைக்கு மாற்றுவதுதான் 'டிஸ்சார்ஜ் அப்கிரேடு'. அப்படி மாற்றக் கேட்க இரண்டு கதவுகள் உண்டு. வெளிவந்து 15 ஆண்டுக்குள் என்றால் டிடி 293 படிவத்தில் டிஸ்சார்ஜ் மறுஆய்வு வாரியத்திடம் கேட்கலாம். அந்தக் காலம் கடந்திருந்தாலும், பொது ராணுவ நீதிமன்றத் தீர்ப்பாக இருந்தாலும், டிடி 149 படிவத்தில் ஆவணத் திருத்த வாரியத்திடம் போக வேண்டும். அங்கே மூன்றாண்டுக் கெடு உண்டு, ஆனால் நியாயம் கருதி அதைத் தளர்த்த வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

என் வரைவில் இப்போதைக்கு 'டிஸ்சார்ஜ்' என்பதற்குப் 'படைவிடுப்பு', 24ஆம் பெட்டியில் வருவதற்குத் 'தகுதிநிலை', 'அப்கிரேடு' என்பதற்குத் 'தர உயர்வு' என்று போட்டிருக்கிறேன். எதுவும் மனதுக்கு ஒட்டவில்லை. உதவுங்கள்.

— மொழிபெயர்ப்பாளர், நியூ ஜெர்சி

* * *

அம்மா,

'விடுப்பு' வேண்டவே வேண்டாம். அலுவலகத்தில் விடுப்பு என்றால் லீவு. 'படைவிடுப்பு' என்று படிக்கிற அப்பா, மகன் பொங்கலுக்கு வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்.

நான் 24 ஆண்டு இந்திய ராணுவத்தில் இருந்து சுபேதாராக வந்தவன். எங்கள் பக்கத்து ஊர்களில் முழுப் பென்ஷனோடு வந்தவனும் 'டிஸ்சார்ஜ் ஆகி வந்துட்டேன்' என்றுதான் சொல்வான். அந்தச் சொல்லில் களங்கம் ஏதும் இல்லை. ஆகவே 'பணிநீக்கம்', 'வெளியேற்றம்' போன்றவற்றை யாரும் முன்மொழிய வேண்டாம். அவை டிஸ்மிஸலுக்குப் போகட்டும். அரசு அலுவலகங்களில் 'பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்' என்று எழுதுகிறார்களே, அந்த 'விடுவிப்பு' சரியாக இருக்கும். மாற்றலாகிப் போகிறவரையும் விடுவிப்பார்கள், ஓய்வு பெறுபவரையும் விடுவிப்பார்கள்.

எங்கள் டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் நடத்தைக்கு ஒரு கட்டம் உண்டு. 'எக்ஸம்ப்ளரி', 'வெரி குட்', 'குட்' என்று இறங்கிக்கொண்டே போகும். செக்யூரிட்டி வேலைக்குப் போனாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். தண்டனையைப் பதிவுசெய்யும் சிவப்பு மை என்ட்ரி நான்கு விழுந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் எல்லா ஜவானுக்கும் இருந்தது. நான்கு விழுந்தாலே அனுப்பியாக வேண்டும் என்பதில்லை, சூழ்நிலையைப் பார்க்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் இங்கே நாம் முறையிடப் போவது ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு. அமெரிக்காவில் நீங்கள் சொல்வது தீர்ப்பாயம் இல்லை, வாரியம். அதைக் கையேட்டில் தெளிவாக எழுதுங்கள், இல்லாவிட்டால் வக்கீல் வைத்தே தீர வேண்டுமோ என்று பயப்படுவார்கள்.

— சுபேதார் (ஓய்வு), வேலூர் மாவட்டம்

* * *

வணக்கம் தங்கச்சி,

விடுவிப்புக்கு என் வாக்கும் உண்டு. 'தகுதிநிலை' வேண்டாம் என்பதற்கு எனக்கு வேறு காரணம். நான் இங்கே முன்னாள் படைவீரர்களுக்கான சமூகப்பணியில் இருக்கிறேன். மூன்றாம் வகைத் தாளோடு வருபவருக்கு மருத்துவம் தரலாமா என்று முன்னாள் படைவீரர் நலத்துறை தானாகவே ஒரு முடிவு எடுக்கும். அந்த முடிவு சாதகமாக வந்தாலும் டிடி 214இல் ஒரு எழுத்துக்கூட மாறாது. இரண்டும் வேறு வேறு அலுவலகங்கள், வேறு வேறு முடிவுகள். ஆட்கள் குழம்புவது இந்த இடத்தில்தான்: 'எனக்கு ஆஸ்பத்திரியில் சரி என்று சொல்லிவிட்டார்கள், அப்படியானால் என் தாள் மாறிவிட்டதுதானே?' என்று வந்து கேட்பார்கள். 'தகுதி' என்ற சொல்லை நலத்துறை முடிவுக்கு விட்டுவிடுங்கள். 24ஆம் பெட்டிக்கு வேறு சொல் வேண்டும்.

'தகைமை' என்று யாராவது சொல்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: யாழ்ப்பாணத்துக் காதில் அது படிப்புச் சான்றிதழ்.

— சமூகப்பணியாளர், மினசோட்டா

* * *

சுபேதார் ஐயாவுக்கும் அக்காவுக்கும் நன்றி. அப்படியானால் 'விடுவிப்பு', 'விடுவிப்புத் தரம்'. இரண்டும் எளிது, கையேட்டுக்குப் பொருந்தும்.

அடுத்து ஐந்து பெயர்கள். 'ஆனரபிள்' என்பதற்கு 'நன்மதிப்பு விடுவிப்பு' என்று எழுத நினைக்கிறேன். 'ஜெனரல்' என்பதை அப்படியே 'பொது விடுவிப்பு' ஆக்கினால், அண்ணா பிறந்தநாளுக்குச் சிறைக்கைதிகளை விடுவிப்பது போல ஒலிக்கிறது. அதன் முழுப்பெயரிலேயே 'மதிப்புக்கு உட்பட்டது' என்ற பொருள் இருப்பதால் அதையே பெயராக்கலாம்: 'மதிப்புக்கு உட்பட்ட விடுவிப்பு'. மூன்றாவது, 'மதிப்புக்கு உட்படாத விடுவிப்பு'. நான்காவது, 'தீநடத்தை விடுவிப்பு'.

மூன்றாவதையும் ஐந்தாவதையும் ஒரே சொல்லால் எழுதிவிடுவதுதான் பெரிய ஆபத்து. மூன்றாம் வகைக்காரர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. பலர் ராணுவ நீதிமன்ற விசாரணைக்குப் பதிலாக, விலகுவதாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவர்கள். 'மானக்கேடாக அனுப்பப்பட்டவர்' என்று தமிழில் படித்தால் விண்ணப்பம் போடும் ஆசையே போய்விடும்.

இந்த நடுப்பகுதிக்கு ஒரு வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப்போர் காலத்தில் நீலத்தாளில் ஒரு விடுவிப்பு கொடுத்தார்கள்; நன்மதிப்பும் இல்லை, மதிப்பு பறிப்பும் இல்லை. விசாரணை இல்லாமல் ஆளை அனுப்ப வசதியான தாள். தன்பாலீர்ப்பாளர்களுக்கும் கறுப்பின வீரர்களுக்கும் அது கணக்கில்லாமல் கொடுக்கப்பட்டது. பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பின வார இதழ் 1945இல் அதை எதிர்த்து இயக்கமே நடத்தியது. 1947இல் நீலத்தாள் ஒழிந்தது, ஆனால் இடைப்பட்ட வகைகள் வேறு பெயரில் தொடர்ந்தன. மறுஆய்வு வாரியங்களும் அந்தக் காலத்துப் பிள்ளைகளே: 1944ஆம் ஆண்டின் படைவீரர் மறுவாழ்வுச் சட்டத்தில் பிறந்தவை.

ஐந்தாவதற்கு 'மதிப்பிழப்பு விடுவிப்பு' என்று எழுதினேன். வீட்டில் படித்துக்காட்டியதும் '500 ரூபாய் நோட்டா?' என்று கேட்டார்கள். ஆக 'மதிப்புநீக்க விடுவிப்பு'.

— மொழிபெயர்ப்பாளர்

* * *

அன்புள்ள அம்மா,

பெயர்களைப் பற்றிப் பிறகு. 'உட்பட்ட', 'உட்படாத' என்ற இணை எனக்குப் பிடித்திருக்கிறது, 'மதிப்பு' தனியே நிற்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

'அப்கிரேடு' என்பதற்கு 'திருத்தம்' சிறந்தது என்பது என் கருத்து. உயர்வு என்றால் பரிசு போல் இருக்கிறது. இவர்கள் கேட்பது பரிசு இல்லையே, தவறாக எழுதியதைச் சரியாக எழுதச் சொல்கிறார்கள். 1906இல் டெக்சஸின் பிரவுன்ஸ்வில் நகரில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்காக 167 கறுப்பின வீரர்களை விசாரணையே இல்லாமல் தியோடர் ரூஸ்வெல்ட் வெளியேற்றினார். 1972இல் ராணுவம் அதை நன்மதிப்பு விடுவிப்பாக மாற்றியபோது, கிட்டத்தட்ட எல்லாரும் இறந்துபோயிருந்தார்கள். அதை 'உயர்வு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

— தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சை

* * *

ஐயா,

பிரவுன்ஸ்வில்லுக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். ஆனால் இன்று வரும் விண்ணப்பங்களில் பலவும் அந்த மாதிரி இல்லை. தாளில் எழுதியது அன்றைய விதிப்படி சரியாகவே இருக்கும். வியட்நாமிலிருந்து திரும்பியவர் குடித்தார், முகாமை விட்டு ஓடினார், மேலதிகாரியை அடித்தார், எல்லாம் நடந்தது. நடக்காதது நோய்க்குப் பெயர் வைத்ததுதான். போர் அதிர்ச்சியால் வரும் மனநோய்க்கு அமெரிக்க மருத்துவக் கையேட்டில் இடம் கிடைத்ததே 1980இல். 2014 செப்டம்பரில் பாதுகாப்புச் செயலர் சக் ஹேகல், இப்படிப்பட்டவர்களின் விண்ணப்பங்களைத் தாராள மனத்தோடு பாருங்கள் என்று வாரியங்களுக்கு எழுதினார். 2017இல் அது விரிந்து, தலைக்காயமும் பாலியல் வன்முறையும் சேர்ந்தன. அப்போது வாரியம் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள் வந்தன: இப்படி ஒரு நிலை இருந்ததா, பணிக்காலத்தில் இருந்ததா, நடந்ததற்கு அது உண்மையில் சமாதானம் ஆகிறதா, விடுவிப்புக்கான காரணத்தைவிட அது கனமானதா. 2018இல் வந்த இன்னொரு மடல் கருணையையும் ஒரு அடிப்படையாகச் சொன்னது.

'திருத்தம்' என்று எழுதினால், பிழை இருந்ததை நிரூபித்தால்தான் கேட்கலாம் என்று ஆகிவிடும். தப்பு செய்தேன், ஆனால் ஏன் செய்தேன் என்று பாருங்கள் என்பவருக்கு அந்தச் சொல்லில் இடமில்லை. அதோடு ஆவணத் திருத்த வாரியத்தின் பெயரிலும் அது ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொரு பயமும் உண்டு. திருத்தம் என்றால் மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். 'கேட்கப் போய் இருந்ததும் போய்விட்டால்?' என்று பலர் தயங்குகிறார்கள். மறுஆய்வு வாரியம் தரத்தை இறக்க முடியாது. திசை சொல்லிலேயே தெரிந்தால் நல்லது.

— மொழிபெயர்ப்பாளர்

* * *

தங்கச்சி, திசை வேண்டும் என்பது சரி. ஆனால் 'தர உயர்வு' என்றும் போடாதீர்கள்.

ஆறு மாதம் போனால் தானாக மாறிவிடும் என்று ஒரு கதை பல பத்தாண்டுகளாக உலவுகிறது. விடுவிக்கும்போது யாரோ சொல்லி அனுப்பியதை நம்பி இருபது, முப்பது ஆண்டு சும்மா இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். 15 ஆண்டுக் கதவு அதற்குள் மூடியிருக்கும். எதுவும் தானாக மாறாது. விண்ணப்பம் போட்டால்தான் வாரியம் பார்க்கும். 'உயர்வு' என்பது ஊதிய உயர்வு, விலை உயர்வு மாதிரி தன்பாட்டில் நடப்பதாகத் தொனிக்கிறது.

— சமூகப்பணியாளர்

* * *

இந்த அம்மா சொன்னதை இலக்கணமும் ஒப்புக்கொள்கிறது. உயர்வது தன்வினை, உயர்த்துவது பிறவினை. 'உயர்த்தல்' என்றால் உயர்த்துகிறவர் ஒருவர் இருக்க வேண்டும், அவரிடம் போய்க் கேட்க ஒருவர் இருக்க வேண்டும். நடுநிலைப்பள்ளியைத் தரம் உயர்த்தக் கோரி ஊரார் மனுக் கொடுப்பதை நாளிதழில் படிக்கிறோமே, அந்த வழக்கு அப்படியே உதவும். 'விடுவிப்புத் தரம் உயர்த்தல்'. 'திருத்த'த்தைத் திரும்பப் பெறுகிறேன், பிரவுன்ஸ்வில்லுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்கிறேன்.

— தமிழாசிரியர்

* * *

எனக்கும் சம்மதம். ஒன்று மட்டும். 'மனு' என்று போடாதீர்கள். மனு என்றால் கலெக்டர் ஆபீஸ் வரிசையும் கைகட்டி நிற்பதும்தான் எங்கள் ஆட்களுக்கு நினைவு வரும். அது படிவம்தானே? 'விண்ணப்பம்' போதும். அப்புறம், என்னென்ன இணைக்க வேண்டும் என்பதையும் அதே பக்கத்தில் போட்டுவிடுங்கள். கூட இருந்தவன் எழுதிக்கொடுக்கும் சாட்சிக் கடிதம் எங்கள் பக்கம் நன்றாக எடுபடும். அங்கேயும் அப்படித்தானா?

— சுபேதார்

* * *

அங்கேயும் அப்படித்தான் ஐயா. பணிப்பதிவு, மருத்துவச் சீட்டு, சக வீரரின் கடிதம், வெளியே வந்தபின் எப்படி வாழ்ந்தார் என்பதற்கான சான்று எல்லாம் வைக்கலாம். பழைய ஆட்களுக்குப் பணிப்பதிவு கிடைப்பதே சிரமம்: 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் கிடங்கில் பிடித்த தீயில் 1960க்கு முந்தைய தரைப்படைக் கோப்புகள் பெருமளவு எரிந்துபோயின. அவர்களுக்குச் சாட்சிக் கடிதம்தான் பெரிய துணை.

ஆக, தலைப்பு 'விடுவிப்புத் தரம் உயர்த்தக் கோரும் விண்ணப்பம்'. நாளை அச்சுக்குப் போகும் வரைவில் இதுவே இருக்கும். 28ஆம் பெட்டியில் வரும் 'விடுவிப்புக் காரணம்', 27இல் வரும் மறுசேர்ப்புக் குறியீடு இரண்டையும் தனி இழையில் கேட்கிறேன். 24ஆம் பெட்டியை மாற்றிவிட்டுக் காரணத்தை அப்படியே விட்டால் வேலைக்கு எடுப்பவர் அதைப் படித்துவிடுவார், எனவே இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்க வேண்டும் என்று அக்கா தனிமடலில் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் ஐயா 'மதிப்பு' பற்றி எழுதுவதாகச் சொன்னதற்கும் காத்திருக்கிறேன்.

— மொழிபெயர்ப்பாளர்