ஒரே பை போதுமா? பகல் நடைக்கும் ஓர் இரவுத் தங்கலுக்கும்

ஒத்தையடிப்பாதை:
மாதம் இரண்டு முறை காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிற மலை நடை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை டென்ட்டில் ஓர் இரவு. இதுவரை லேப்டாப் பையை வைத்தே ஒப்பேற்றினேன். போன தடவை ராத்தங்கலுக்கு நண்பனின் 50 லிட்டர் பையை இரவல் வாங்கிப் போனேன், தோள் கழன்றுவிட்டது. இனி சொந்தமாக வாங்குவதென்று முடிவு. 38-40 லிட்டரில் ஒன்றே இரண்டுக்கும் போதுமா, இல்லை தனித்தனியாக இரண்டா?

மூட்டைதூக்கி:
ஒன்று போதும். ஆறு வருடமாக 38 லிட்டர் பை ஒன்றுதான் வைத்திருக்கிறேன். பகல் நடை என்றால் பக்கவாட்டு வார்களை இழுத்துச் சுருக்கிவிடுவேன். இரண்டு வாங்கினால் எப்போதும் ஒன்று பரணில்தான் கிடக்கும்.

பழையபூட்ஸ்:
எனக்கு இதில் உடன்பாடில்லை. முதுகுப் பக்கம் விறைப்பாக நிற்க உள்ளே சட்டம் வைத்த 40 லிட்டர் பை வெறுமனே ஒன்றே கால், ஒன்றரை கிலோ இருக்கும். 22 லிட்டர் பை முக்கால் கிலோவுக்குள் முடிந்துவிடும். மாதம் இரண்டு முறை அந்தக் கூடுதல் எடையை எதற்குச் சும்மா சுமப்பது?

எடையை விடுங்கள். பெரிய பையில் நாலு கிலோ சாமான் போட்டால் எல்லாம் அடியில் போய் உட்காரும். ஒரு தடவை பாறையிலிருந்து முழங்கால் உயரம்தான் குதித்தேன். நான் இறங்கி நின்றுவிட்டேன், பை ஒரு கணம் கழித்து வந்து முதுகில் இடித்தது. அடுத்த காலடியை நான் வைக்கவில்லை, பைதான் வைத்தது.

மூட்டைதூக்கி:
அது அடுக்கியவர் தப்பு, பையைக் குறை சொல்லாதீர்கள். அடியில் ஸ்வெட்டரோ மழைக்கோட்டோ திணியுங்கள். அதன் மேல், முதுகை ஒட்டி, தண்ணீர். பிறகு வார்களைக் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். அசையாது. அப்புறம், குளிரிலோ மழையிலோ நடக்கிறவருக்குப் பகல் நடைக்கே 30 லிட்டர் கேட்கும். உங்கள் 22-இல் மழைக்கோட்டு, கம்பளி, முதலுதவி, டார்ச் எல்லாம் போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம்.

கிராம்கணக்கு:
இருவரும் தலைகீழாகப் போகிறீர்கள். பையைக் கடைசியில் வாங்க வேண்டும். முதலில் டென்ட், தூக்கப்பை, தரைவிரிப்பு, உடுப்பு எல்லாவற்றையும் ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்குங்கள். நீளம், அகலம், அடுக்கு நின்ற உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். 30க்கு 30, உயரம் 45 என்றால் 40 லிட்டர் சொச்சம். ஒருவருக்கான லேசான டென்ட் வாங்கியபின் எனக்கு 33-இல் நின்றது. மொத்தச் சுமை 8 கிலோவுக்குள் அடங்கினால் சட்டமில்லாத பையே போதும், அரை கிலோ சொச்சம்தான். பகல் நடைக்கும் அதுவே.

பழையபூட்ஸ்:
வழியில் ஓடை இல்லாத பாதைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் எடுத்தால் அதுவே மூன்று கிலோ. உங்கள் 8 அப்போது 11. சட்டமில்லாத பை நடுவில் மடங்கி, இடுப்புப் பட்டை பேருக்குத்தான் இருக்கும்.

கிராம்கணக்கு:
சரி, தண்ணீர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். தரைவிரிப்பை மடித்து முதுகுப் பக்கம் செருகினால் ஓரளவு விறைப்பாக நிற்கும். ஓரளவுதான்.

மூட்டைதூக்கி:
லிட்டர் கணக்கையே முழுசாக நம்பாதீர்கள். பைக்குள் 20 மில்லிமீட்டர் உருண்டைகளைக் கொட்டி அளக்கிற ஒரு தர முறை இருக்கிறது. ஆனால் ஒரு தயாரிப்பாளர் வெளிப் பாக்கெட்டையும் சேர்த்து 40 என்பார், இன்னொருவர் உள்ளறையை மட்டும் 40 என்பார்.

செங்குத்து:
கேள்வி கேட்டவர் "தோள் கழன்றது" என்று எழுதியிருக்கிறார். அந்த வரியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்களே!

முதுகை அளந்தீர்களா? தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு முண்டாகத் துருத்தும். அங்கிருந்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் இரண்டு கட்டைவிரலையும் வைத்தால் அவற்றுக்கு நடுவே முதுகில் வரும் கோடு வரைக்கும் உள்ள நீளம்தான் உங்கள் முதுகு அளவு. ஆள் உயரத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. என்னைவிட ஒரு சாண் உயரமான என் தம்பிக்கும் எனக்கும் ஒரே அளவு.

சுமையின் பெரும்பங்கை இடுப்புதான் தாங்க வேண்டும். தோள் வார்கள் பை பின்னால் சாயாமல் பிடிக்கத்தான். அதனால் வரிசை முக்கியம். முதலில் பட்டையை இடுப்பெலும்பின் மேல் கவ்வும்படி பூட்டுங்கள். அப்புறம் தோள் வார். அதற்குப் பிறகு தோளுக்கு மேலே பையோடு சேரும் குட்டி வார்கள், அவை சாய்வாக, 45 டிகிரி போல நிற்க வேண்டும். நெஞ்சு வார் கடைசி. இந்த அளவு பொருந்தாவிட்டால் 20 லிட்டரும் வலிக்கும், 60-உம் வலிக்கும்.

ஒத்தையடிப்பாதை:
அக்காவை நூல் பிடிக்கச் சொல்லி அளந்தேன்: 43 செ.மீ. நண்பனிடம் கேட்டால் அவன் பை 'லார்ஜ்', உள்ளே தைத்த துண்டில் 48-53 என்று இருக்கிறதாம். பட்டை அன்றைக்கு இடுப்பில் நிற்கவே இல்லை, பிட்டத்துக்கு வழுகிக்கொண்டே இருந்தது. அதுதான் அதன் இடம் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்!

பழையபூட்ஸ்:
அப்படியானால் அந்த வலிக்கு லிட்டர் காரணமில்லை, செங்குத்து சொன்னதுதான் சரி. ஆனால் இரண்டு பை என்பதில் மாற்றமில்லை.

கிராம்கணக்கு:
மழை உறை பற்றி ஒரு வார்த்தை. அது முதுகுப் பக்கத்தை மூடாது, காற்றில் பறக்கும். உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றைப் போட்டு வாயை முறுக்கிவிடுங்கள். பழைய பை இரவல் கிடைத்தால் உள்பூச்சைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தால், செதில் செதிலாக உதிர்ந்தால், அதன் ஆயுள் முடிந்தது. ஈரத்தோடு மூட்டை கட்டி வைப்பதால் வருகிற வினை.

ஒத்தையடிப்பாதை:
இப்போதைக்கு ஒன்று, 38 லிட்டர், மீடியம். முதுகு நீளத்தை ஏற்றி இறக்குகிற வகையாகப் பார்க்கிறேன். கடையில் வெறும் பையை மாட்டிப் பார்த்து முடிவு செய்யலாமா?

செங்குத்து:
கூடாது. உங்கள் சாமானையே எடுத்துப் போங்கள், எட்டு கிலோ போட்டு இருபது நிமிடம் நடங்கள். மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள். பட்டையைப் பூட்டியபின் இரு பக்கமும் இழுக்க இன்னும் வார் மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழையபூட்ஸ்:
ஆறு மாதத்தில் "20 லிட்டரில் எது நல்லது" என்று கேட்டு இங்கேதான் வருவீர்கள். அதுவரை என் 22-ஐ இரவல் தருகிறேன், முதுகு அளவு 45. ஒரு பகல் நடைக்குப் போட்டுப் பாருங்கள்.

மூட்டைதூக்கி:
மறுபடியும் இரவலா?