முதல் வேலைக்கான ஃபார்மில் 'வாடிக்கையாளர் சேவை' கேள்வி: அனுபவம் இல்லாதவர் என்ன எழுதலாம்?

கோணம் ரோடு:
நாகர்கோவில் கோணம் வேலைவாய்ப்பு மையத்துல தனியார் துறை முகாம் நடக்கும்போது பிள்ளையள் ஃபார்ம் நிரப்புறதைப் பாத்திருப்பீங்க. பேரு, அப்பா பேரு, மார்க்கு எல்லாம் மளமளன்னு போகும். 'வாடிக்கையாளருக்கு நீங்கள் உதவிய ஒரு சந்தர்ப்பத்தை விவரிக்கவும்'னு வந்ததும் பேனா நின்னுரும். பாதிப் பேரு ஒரு கோடு போட்டு 'இல்லை'ன்னு எழுதுதாங்க. மீதிப் பேரு வெப்ராளப்பட்டுப் பக்கத்து ஃபார்மைப் பாத்து எழுதுதாங்க. கடை, ஓட்டல், கால் சென்டர்னு ஆள் எடுக்கிற பக்கம் இருக்கவங்க, அந்தப் பதில்ல எதைப் பாக்கிறீங்கன்னு விவரமா போடுங்க. நம்ம சொந்தக் கதை வேண்டாம், பிள்ளையளுக்குப் பிரயோஜனமானதை மட்டும் சொல்லுங்க.

ஜவுளி மாடி:
'இல்லை' என்று எழுதிய ஃபார்ம்தான் முதலில் ஓரமாகப் போகும். அனுபவம் இல்லை என்பது அதற்குக் காரணம் இல்லை. படித்து முடித்து நேரே வருகிறவர் என்பது மேலே உள்ள கட்டத்திலேயே தெரிகிறது, தெரிந்துதான் கேட்கிறோம். 'வாடிக்கையாளர்' என்ற சொல்லைப் பார்த்துப் பயப்படாதீர்கள். இன்னொருவருக்கு ஒரு தேவை இருந்தது, அதைக் கவனித்தீர்கள், ஏதோ செய்தீர்கள், அது எப்படியோ முடிந்தது. கேள்வி கேட்பது அவ்வளவுதான்.

கல்லூரியில் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) இருந்தால் ஏழு நாள் முகாம் இருந்திருக்கும். மண்டைக்காடு கோயில் மாசிக் கொடை விழா, கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர் என்று நம் ஊரில் தொண்டராக நிற்க இடத்துக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வங்கிச் சலான் நிரப்பியது, மாமா கடையில் லீவு நாளில் நின்றது எல்லாம் கணக்கில் வரும்.

எழுதும் விதத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். வழக்கமாக வருவது இது:

'நான் என்எஸ்எஸ்ஸில் இருந்தபோது மக்களுக்குச் சிறப்பாகச் சேவை செய்தேன். அனைவரும் பாராட்டினார்கள்.'

இதைப் படித்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அதே பிள்ளை இப்படி எழுதலாம்:

'மண்டைக்காடு கொடையில் தண்ணீர்ப் பந்தலில் நின்றேன். ஒரு வயதான அம்மா கூட வந்தவர்களைத் தவறவிட்டு அழுதுகொண்டிருந்தார். உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பெயர், ஊர், மகள் பெயர் கேட்டுத் தாளில் எழுதி மைக் அறிவிப்பு செய்யும் இடத்தில் கொடுத்தேன். அம்மா பக்கத்தில் இன்னொரு தொண்டரை இருக்கச் சொல்லிவிட்டு என் இடத்துக்குத் திரும்பினேன். அரை மணி நேரத்தில் மகள் வந்து அழைத்துப் போனார்.'

எந்த இடம் என்பதற்கு ஒரு வரி, என்ன சிக்கல் என்பதற்கு ஒரு வரி, முடிவுக்கு ஒரு வரி. மிச்சமெல்லாம் நீங்கள் செய்தது. ஐந்தாறு வரி போதும், பக்கம் நிறைய வேண்டாம். சூப்பர்வைசர் கண் போய் நிற்பது 'என் இடத்துக்குத் திரும்பினேன்' என்பதில். ஒருவருக்கு உதவும் வேகத்தில் கவுண்டரை அம்போவென்று விட்டுப் போகிற ஆள் இல்லை என்று அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

இன்னொன்று. அடக்கம் என்று நினைத்து 'நாங்கள் செய்தோம்', 'ஏற்பாடு செய்யப்பட்டது' என்று எழுதுகிறார்கள். பேச்சில் அது அழகு, ஃபார்மில் அதற்கு மதிப்பில்லை. யார் செய்தது? 'நான்' என்றே எழுதுங்கள். மேலே உள்ள மண்டைக்காட்டு அம்மாவை அப்படியே காப்பி அடிக்காதீர்கள், ஒரே முகாமில் பத்து ஃபார்மில் அதே அம்மா தொலைந்துபோனால் பத்தையும் சேர்த்துத்தான் ஓரம் கட்டுவார்கள்.

லாட்ஜ் ரிசப்ஷன், கன்னியாகுமரி:
ஓட்டல், லாட்ஜ் ஃபார்மில் தவறாமல் வருவது 'கோபமாக இருக்கும் வாடிக்கையாளரை எப்படிக் கையாள்வீர்கள்?' நூற்றுக்குத் தொண்ணூறு பதில் 'பொறுமையாகப் பேசுவேன், மேனேஜரிடம் சொல்வேன்' என்றுதான் இருக்கும். பொறுமையாக என்ன பேசுவீர்கள் என்பதுதான் வேண்டும்.

கார்த்திகை ஒன்றாம் தேதியிலிருந்து மகரவிளக்கு முடியும்வரை ஐயப்பப் பக்தர்கள் கூட்டம். பன்னிரண்டு மணிக்கு ரூம் என்று சொல்லியிருக்கும், முந்தைய ஆட்கள் காலி செய்திருக்க மாட்டார்கள். ராத்திரி முழுக்க வேனில் வந்தவர் சத்தம் போடுவார். பதிலில் வரிசை இப்படி இருக்கட்டும்: முழுக்கப் பேசவிடுவது, அவர் சொன்னதைச் சுருக்கித் திருப்பிச் சொல்வது ('பன்னிரண்டுக்கு ரூம்னு சொன்னாங்க, இன்னும் கிடைக்கல, சரிதானே சார்?'), சிரமத்துக்கு வருத்தம் சொல்வது, ஹவுஸ்கீப்பிங்கைக் கேட்டு எத்தனை நிமிடம் என்று சொல்வது, அதுவரை லக்கேஜ் வைக்க, முகம் கழுவ இடம் காட்டுவது, சொன்ன நேரம் முடியும் முன்பே நாமே போய் நிலவரம் சொல்வது. கடைசி இரண்டையும் எழுதுகிறவர்கள் மிகக் குறைவு, எழுதினால் தனியாகத் தெரியும்.

'வாடகையில் குறைத்துக் கொடுப்பேன்', 'இலவசமாக வேறு ரூம் தருவேன்' என்று எழுதவே எழுதாதீர்கள். முதல் நாள் வேலைக்கு வருகிறவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. 'வாடிக்கையாளர் சொல்வதே சரி' என்பதும் வேண்டாம், குடித்துவிட்டு வரும் ஆளுக்கும் அதைச் சொல்ல முடியுமா?

அடுத்த கேள்வி: 'பதில் தெரியாததைக் கேட்டால்?' இங்கே உதாரணத்துக்குக் கடல் இருக்கிறது. காற்று பலமாக இருந்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகு நிறுத்திவிடுவார்கள். முன்பு கடல் உள்வாங்கினால் திருவள்ளுவர் சிலைக்கு மட்டும் படகு போகாது. 2024 டிசம்பர் 30-ல் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு பாறையிலிருந்து நடந்தே சிலைக்குப் போகலாம். 'இன்று படகு உண்டா?' என்று கெஸ்ட் கேட்டால் ஜன்னல் வழியே கடலைப் பார்த்து ஜோசியம் சொல்லக் கூடாது. 'படகு விடும் பூம்புகார் கப்பல் கழகத்தின் படகுத்துறையில் விசாரித்து ஐந்து நிமிடத்தில் சொல்கிறேன். இல்லையென்றால் காந்தி மண்டபம், வட்டக்கோட்டை போகலாம்' என்று எழுதினால், தெரியாததை ஒப்புக்கொண்டு வேறு வழியும் காட்டத் தெரிந்தவர் என்று ஆகிவிடும்.

மொழிக் கட்டத்தில் உண்மை எழுதுங்கள். 'மலையாளம்: நன்றாகப் பேசுவேன், எழுத வராது.' விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய பலம், ஆனால் அவர்களே அதைப் போட மறந்துவிடுகிறார்கள். 'இந்தி: சரளம்' என்று போட்டால் நேர்காணலில் அடுத்த கேள்வியே இந்தியில் வரும்.

மார்த்தாண்டம் மொபைல்ஸ்:
கடைப்பக்கம் இப்ப கேக்குறது வேற. 'கஸ்டமர் ஃபோன்ல பணம் போயிட்டு, நம்ம ஸ்பீக்கர்ல சத்தம் வரல. என்ன செய்வீங்க?' 'மறுபடி அனுப்பச் சொல்வேன்'னு எழுதுனா ஒரே பொருளுக்கு ரெண்டு தடவ பணம் போவும், சண்டையும் வரும். 'ஸ்கிரீனைப் பாத்துட்டுக் கொடுத்துருவேன்'னு எழுதுனா கடைக்கு நட்டம். பணம் போன மாதிரியே காட்டுற போலி ஆப் இருக்கு, கேட்டியளா.

சரியான பதில்: வெற்றியா, நிலுவையா, தோல்வியான்னு அவங்க ஃபோன்லயே பாக்கணும். 12 இலக்க யுபிஐ ரெஃபரன்ஸ் நம்பரைக் குறிச்சுக்கணும். கல்லாவுல கடைக் கணக்குல ஏறியிருக்கான்னு பாக்கச் சொல்லணும். பொருளைப் பேரு எழுதி ஓரமா வெச்சிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கணும். ஏறலைன்னா, கடைக்குப் போட்ட பணம் அஞ்சு நாளைக்குள்ள தானா திரும்பணும், பிந்துனா நாளைக்கு 100 ரூபாய் சேத்துத் தரணும்னு ரிசர்வ் வங்கி 2019-லயே விதி போட்டிருக்குன்னு பதமா சொல்லணும். இத்தனையும் நாலு வரியில எழுதிரலாம்.

அடுத்தது ரிட்டர்ன். சார்ஜர் மூணாம் நாளே வேலை செய்யல, போர்டுல 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது'ன்னு இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி குறையுள்ள பொருளை, பில்லுல போட்ட காலத்துக்குள்ள, அப்படி ஒண்ணும் போடலைன்னா 30 நாளைக்குள்ள கொண்டுவந்தா, திரும்ப எடுத்துப் பணம் கொடுக்க மாட்டேன்னு சொல்லக் கூடாது. ஆனா இது குறை உள்ள பொருளுக்கு. 'கலர் பிடிக்கல'ன்னு வந்தா கடை விதிதான். அதனால பதில்ல 'பில்லைப் பாப்பேன், வேற போன்ல போட்டுச் சோதிப்பேன், குறையா, பிடிக்கலையான்னு பிரிச்சுப் பொறுப்பாளர்கிட்ட சொல்லுவேன்'னு எழுதணும். சட்டத்தை எடுத்து முதலாளி மேலயே வீசுற மாதிரி எழுத வேண்டாம், தெரிஞ்சு வெச்சுக்கிட்டாப் போதும்.

ஹெட்செட்:
ஆன்லைன் ஃபார்ம் பற்றிக் கொஞ்சம். 'முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து வட்டம் வரும். ஒரே விஷயத்தை ஐந்தாம் கேள்வியில் ஒரு விதமாகவும் இருபதாம் கேள்வியில் தலைகீழாகவும் கேட்டிருப்பார்கள், முன்னுக்குப் பின் முரணாக இருந்தால் தெரிந்துவிடும். 'எனக்குக் கோபமே வந்ததில்லை' என்பதற்கு முழுச் சம்மதம் போட்டால் அதையும் யாரும் நம்பப் போவதில்லை. சூழ்நிலை சொல்லி நான்கு விடை கொடுத்தால், உங்கள் எல்லைக்குள் ஏதாவது செய்துவிட்டுப் பிறகு மேலே தெரிவிக்கும் விடையைத் தேடுங்கள். எடுத்த எடுப்பில் வேறு ஆளிடம் தள்ளிவிடுவது பெரும்பாலும் சரியான விடையாக இருக்காது.

நீண்ட பதிலை முதலில் ஃபோன் நோட்ஸில் அடித்து வைத்துக்கொண்டு பிறகு ஒட்டுங்கள், நெட் போனால் பக்கமும் போய்விடும். சாட்ஜிபிடியில் எடுத்து அப்படியே ஒட்டியதும் தெரியும். 'தடையற்ற அனுபவத்தை உறுதிசெய்வேன்' என்று நம் ஊரில் எந்தப் பிள்ளை பேசுகிறது?

தக்கலை அக்கா:
என்எஸ்எஸ், திருவிழா எதுவும் இல்லாத பிள்ளைக்கு? அம்மாகூட வீட்டுல தையல் மட்டும்தான்.

ஜவுளி மாடி:
அக்கா, எங்கள் கடைக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. அளவு ரவிக்கை வாங்கி வைத்தது, தேதி சொன்னது, கை இறுக்கம் என்று திரும்பி வந்தபோது பிரித்துத் தைத்துக் கொடுத்தது, கல்யாண அவசரத்துக்கு எதை முதலில் தைப்பது என்று முடிவு செய்தது எல்லாம் எழுதலாம். வாரத்துக்கு எத்தனை துணி வரும் என்ற எண்ணையும் பிள்ளை போடட்டும். இன்ன தேதிக்கு என்று சொல்லித் தர முடியாமல் போன ஒரு தடவையையும், அதை முன்கூட்டியே சொன்னாரா என்பதையும் யோசித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், நேர்காணலில் அதைத்தான் தோண்டுவார்கள். ஃபார்மைக் கொடுக்கும் முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டும். பத்து நாள் கழித்துக் கூப்பிடும்போது அந்தத் தாளை எங்கள் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்போம்.